மீண்டும் ஒரு துண்டு முறையா?

2025 மே 6 ஆந் திகதி நடந்த தேர்தலோடு, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்த உள்ளூராட்சி மன்றங்கள் மறுபடி உயிர்பெற்றன. பதுளையிலும் பண்டாரவளையிலும் மாநகர சபைகள் கூடின. அப்புத்தளையில் நகர சபை கூடிற்று. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹல்துமுல்லை, வெலிமடை எனப் பிரதேச சபைகள் கூடின. சபை கூடினால் வேலை உண்டு. வேலைக்கு ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியும் கூடவே பிறக்கும். அந்தக் கேள்வியையே எமது வாசகர் இருவர் தனித்தனியே எமக்கு எழுதியுள்ளனர்.

ஒருவர் பண்டாரவளையில் ஆசிரியராக இருப்பவர். சபை நடத்தும் முன்பள்ளியிலும் நூல்நிலையத்திலும் பிள்ளைகளோடு பழகும் ஊழியர் யார், அவர் முன்னர் என்ன செய்தவர் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டாமா என்று கேட்கிறார். போதைப்பொருள் லயத்து வாசல் வரைக்கும் வந்துவிட்ட இக்காலத்தில், இந்த அச்சத்தை வீண் அச்சமென்று ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. மற்றவர் வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குக் கமக்காரர். வாரச் சந்தையில் மூடைக்கு இவ்வளவென்று அறவிடப்படும் காசுக்கும் கையில் கிடைக்கும் பற்றுச்சீட்டுக்கும் பொருத்தமில்லை என்பது அவருடைய முறைப்பாடு. களவுக்குத் தண்டம் கட்டினவனைக் காசு வாங்கும் இடத்தில் இருத்துவது எந்த ஊர் நியாயம் என்று அவர் வினவுகிறார். இருவரும் வேண்டுவது ஒன்றே: உள்ளூராட்சிச் சேவையிற் புதிதாகச் சேருவோரின் குற்றப் பதிவைப் பொலிசாரிடம் கேட்டறிந்த பின்னரே நியமனம் வழங்க வேண்டும்.

இந்த வேண்டுகோளை நாம் ஏற்கிறோம். பொதுப் பணத்தைக் கையாள்பவனும், குடிநீர்த் தொட்டியின் திறப்பை வைத்திருப்பவனும், பிறர் வீட்டுக்குள் அளவெடுக்கப் போகிறவனும் சோதிக்கப்படத்தான் வேண்டும். தமிழ் மக்களுக்கு இது புதிய கருத்துமன்று. பராந்தக சோழன் காலத்தில், 921 இல், உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு யார் தகுதியற்றவர் என்பதை விரிவாகச் சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மறுபடி வரலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் வரலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எம்மவர் இதனை எழுதி வைத்தனர் என்று மேடையிற் பெருமை பேசுவோர் பலர். ஆயினும் அதே கல்வெட்டின் மற்றப் பாதியை அவர்கள் வாசிப்பதில்லை. கணக்குக் காட்டாதவனின் உறவினரும் தகுதியற்றவர் என்று அது சொல்கிறது. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உள்ளவனே தகுதியுடையவன் என்றும் சொல்கிறது. செய்த குற்றத்தைக் கேட்கும் கேள்வியோடு, பிறந்த வீட்டையும் இல்லாத நிலத்தையும் கேட்கும் கேள்வி கைகோத்து நிற்கிறது. அக்கல்வெட்டு அங்கத்தவர்களைப் பற்றியது, ஊழியரைப் பற்றியதன்று. எனினும் எமது காரியத்துக்கு அந்த இரண்டாம் பாதியே முக்கியமானது. ஊவாத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொந்த நிலமுமில்லை, சொந்த மனையுமில்லை. அவனிடம் கேட்கப்படும் கேள்வி எந்தப் பாதியைச் சேர்ந்தது?

இன்று உள்ள நடைமுறையைப் பார்ப்போம். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவன் முதலிற் சந்திப்பது வழமையான படிவத்திலுள்ள ஒரு கூடு: நீதிமன்றத்தில் எப்போதாவது, ஏதேனும் குற்றத்துக்குக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதுண்டா? 'எப்போதாவது', 'ஏதேனும்' என்ற இரண்டு சொற்களையும் வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அடுத்து, கிராம உத்தியோகத்தர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம். மூன்றாவது, நியமனத்தை உறுதிசெய்யுமுன் பொலிசாரிடம் பெறப்படும் அறிக்கை. இந்த மூன்று வாசல்களும் பதுளை நகரத்துக் கடைக்காரன் மகனுக்கும் தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளி மகனுக்கும் ஒரே அகலமானவை என்றுதான் சட்டம் நினைக்கிறது.

கிராம உத்தியோகத்தரின் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பகாரரைத் தனிப்பட அறிவீரா, எவ்வளவு காலமாக அறிவீர் என்பதே அதிலுள்ள தொடக்கக் கேள்விகளில் ஒன்று. கிராமத்தில் இதற்குப் பொருளுண்டு. அங்கே உத்தியோகத்தர் சந்தையிற் சந்திக்கிறார், மரண வீட்டிற் சந்திக்கிறார். தோட்டத்தில் அவர் யாரைச் சந்திப்பார்? மலைக்கு மலை பரந்த பிரிவுகள், பலவிடங்களில் மொழி தெரியாத உத்தியோகத்தர், இலக்கமில்லாத லயக் காம்பிராக்கள், தோட்டக் கந்தோருக்கு மொத்தமாக வந்து சேரும் கடிதக் கட்டு. 'தனிப்பட அறியேன்' என்று அவர் எழுதினால் அது பொய்யன்று. ஆனால் அதைப் படிக்கும் நியமன அதிகாரிக்கு அது ஒரு கறையாகத் தோன்றுகிறது. பத்திரம் ஆறு மாதமே செல்லும் என்பதால், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவன் அதே படியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனவை உயிர்களும் லயங்களும் மட்டுமா? பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பள்ளிப் பத்திரமும் அங்கேதான் புதைந்தன. பத்திரத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் எவரும் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெயரின் கதை இன்னொன்று. பிறப்பைப் பதிந்தவர் ஒரு விதமாக எழுதினார். அடையாள அட்டையில் வேறு விதமாக வந்தது. தோட்டப் பேரேட்டில் மூன்றாவது விதம். ஒரே தோட்டத்தில் ஒரே முதலெழுத்தோடு நான்கு ராமையாக்கள் இருப்பது அதிசயமா? பெயரைக் கொண்டு தேடுகின்ற பொலிஸ் நிலையத்தில், ஒரு ராமையா கட்டிய தண்டம் மற்றொரு ராமையாவின் தலையில் ஏறுவதற்கு யாரும் தீய எண்ணம் கொண்டிருக்க வேண்டியதில்லை. சோம்பல் போதும். 1926 இன் 2 ஆம் இலக்கக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் கைரேகையைக் கொண்டு குற்றவாளிகளைப் பதிவுசெய்ய வழி வகுத்து நூறு ஆண்டாகிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கைரேகை வேண்டுமென்று கண்ட ஒரு காரியத்துக்கு இன்று பெயரின் எழுத்துக் கூட்டு எப்படிப் போதுமானதாயிற்று?

இனி, 'ஏதேனும் குற்றம்' என்ற சொல்லுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை குற்றம் என்றால் என்ன என்பதை இந்நாட்டில் எழுதியவர்கள் அவனுடைய முதலாளிமாரே. 1865 இன் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்த காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவது குற்றம், சொன்ன வேலையைச் செய்ய மறுப்பது குற்றம், இரண்டுக்கும் சிறையுண்டு. கடைக்காரனிடம் வேலை செய்யும் கணக்கனை அந்த அளவுக்குப் பிடித்திழுத்த சட்டமல்ல அது. மலையில் இறங்கிய கூலியாளையே பிடித்தது. அதற்குத் துணையாக இருந்தது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குப் போக விரும்புபவன், முந்திய துரை எழுதித் தரும் சீட்டைக் காட்ட வேண்டும். இன்ன தொகைக் கடன் கட்டப்பட்டால் இந்த ஆள் விடுவிக்கப்படுவான் என்று அதில் இருக்கும். துண்டில்லாதவனுக்கு எந்தத் தோட்டத்திலும் பேர் பதியப்பட மாட்டாது. கடனோ கங்காணியின் கணக்கில் ஏறிய கடன். அவன் கண்ணால் காணாத கடன். எம் பாட்டன்மாரின் வாழ்வு அந்தக் கையகலக் காகிதத்திற் கட்டுண்டு கிடந்தது. 1921 இற் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கூலியாளைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் அக்காலத்திலேயே எடுபட்டன.

துண்டு போயிற்று, கையாளும் முறை போகவில்லை. 1940 இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸைத் தோட்டத்திலும் ஊவாவின் வேறு தோட்டங்களிலும் தொழிலாளர் சங்கம் கட்டி நின்றபோது, முன்னணியில் நின்றோரைத் தேடிப் பொலிஸ் வந்தது. தோட்டத்தை விட்டு நீங்கென்று அறிவித்தல் கொடுத்த பின்னும் லயக் காம்பிராவை விட்டுப் போகாத தொழிலாளி மீது, தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் குற்றமான அத்துமீறல் வழக்கு வைப்பது துரைமாரின் வழக்கமாயிற்று. தான் பிறந்த காம்பிராவிலே இருப்பவன் அத்துமீறியவனானான்! 1950 இல் செல்வநாயகம் வழக்கிலே, அத்தகைய தொழிலாளி ஒருவனின் விடயம் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமையுண்டென்று மனப்பூர்வமாக நம்பி ஓரிடத்தில் இருப்பவன், அந்நம்பிக்கை சட்டப்படி பிழையாயினும், அதனால் மற்றவனுக்கு எரிச்சல் உண்டாகும் என்ற காரணத்தாற் குற்றவாளியாக மாட்டான் என்று அங்கே தீர்ந்தது. இந்தத் தீர்ப்பை நாம் சட்டம் படித்த நாளில் வெறும் பரீட்சைக் குறிப்பாகவே மனனஞ் செய்தோம். பின்னர் நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தபோதுதான், அது எத்தனை லயங்களின் கதை என்று விளங்கிற்று. அத்தீர்ப்பு வருமுன் அதே குற்றச்சாட்டில் தண்டம் கட்டியவர் பட்டியலை எந்தப் பொலிஸ் பதிவேடும் திருத்தி எழுதியிருக்கும் என்று நாம் நம்பவில்லை.

இவை பழங்கதை என்று சொல்வோர் உண்டு. 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே பிணக்கு மூண்டு, பெண்கள் உட்படப் பலர் கைதாயினர். அது ஊவாவுக்கு அப்பாற்பட்ட இடம். ஆனால் அதே மலை, அதே லயம். அவர்கள் மீதான குற்றச்சாட்டின் உண்மை பொய்யை நாம் இங்கே விசாரிக்கவில்லை. அது நீதவானின் வேலை. அவர்களில் ஒருவரின் மகள் நாளை பிரதேச சபையில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தால், 'குடும்பத்தினர் பொலிசாருக்குத் தெரிந்தவர்' என்று ஒரு வரி எழுதப்படாது என்பதற்கு யார் பிணை நிற்பார்?

இதனினும் கனமான ஒன்றுண்டு. 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமென்று வந்து, 1982 இல் நிரந்தரமாயிற்று. 2011 ஓகஸ்ட் வரையில் அவசரகாலச் சட்டம் இடையிடையே நீங்கி நீங்கி மீண்டும் நின்றது. அந்த ஆண்டுகளில் மலையகத்து இளைஞர் எத்தனை பேர் கொழும்புக் கடைகளிலும் பஸ் நிலையங்களிலும் தோட்டச் சுற்றிவளைப்புகளிலும் பிடிக்கப்பட்டு, மாதக்கணக்கில் இருந்து, வழக்கின்றி வெளியே வந்தனர் என்பது ஒவ்வொரு தோட்டத்துக்கும் தெரியும். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவையில், 2000 ஒக்டோபர் 25 ஆந் திகதி காலை, அரசின் காவலில் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர் 25 பேருக்கு மேல் கும்பலாற் கொல்லப்பட்டனர். 2003 இல் விசேட நீதிமன்றம் ஐவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2005 இற்குள் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலையாயினர். விடுதலையானவர்கள் சட்டத்தின் கண்ணில் நிரபராதிகள். அவர்களுக்குச் சுத்தமான பத்திரம் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். எந்த நீதிமன்றமும் குற்றவாளியென்று காணாத நிலையில் அம்முகாமில் அடைபட்டு, உயிர் தப்பியவனுக்கு என்ன பத்திரம் கிடைக்கும்? புனர்வாழ்வு பெற்றவன் என்ற சொல்லே அவனுக்குக் குற்றமாகிவிடாதா?

அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, 5 ஆம் பந்தி, குற்றவாளியென்று எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதியென்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. கைது தீர்ப்பாகாது. முறைப்பாட்டுப் புத்தகத்து வரி தீர்ப்பாகாது. தடுப்புக் கட்டளையும் தீர்ப்பாகாது. பதவிக்கு ஆளெடுக்கும் அதிகாரி இவற்றைக் கேட்கவும் கூடாது. பொலிசார் கொடுக்கவும் கூடாது. இதிலே நாம் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

தீர்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்ற மாதம் எமது கந்தோருக்கு ஓர் இளைஞர் வந்தார். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். உயர்தரம் வரை படித்தவர். பத்தொன்பது வயதில், தேயிலை மலைக்கு மேலேயுள்ள ஒதுக்குக் காட்டில் விறகு சுமந்து வந்தபோது பிடிபட்டார். வாக்குமூலம் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது. நீதிமன்றத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு தவணைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாய்தான் என்றால், அவர் பத்தொன்பது வயதாயிருந்த காலத்துக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும்' என்று வாசலில் நின்ற யாரோ சொன்னார்கள். ஒப்புக்கொண்டார், தண்டம் கட்டினார், முடிந்ததென்று எண்ணி மலையேறினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சபையில் நீர்வழங்கல் பகுதி வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத்தில் தேறினார். படிவத்துக் கூட்டில் 'ஆம்' என்று உண்மையை எழுதியிருந்தார். நியமனம் வேறொருவருக்குப் போயிற்று. காரணம் எழுத்தில் கொடுக்கப்படவில்லை. அவருடன் அன்றைக்கே காட்டில் பிடிபட்ட நண்பர் வேறிடத்தில் 'இல்லை' என்று எழுதி இப்போது சம்பளம் வாங்குகிறாராம். யோக்கியனைத் தேடுவதற்காக அமைத்த கூடு பொய்யனைத் தெரிந்தெடுத்திருக்கிறது. வெலிமடைக் கமக்காரர் தேடிய மனிதன் இந்த இருவரில் யார்?

இவ்விடத்தில் அரசியலமைப்பையே அளவுகோலாகப் பிடித்துப் பார்ப்போம். 89 ஆம் உறுப்புரையின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவன், தண்டனை முடிந்து ஏழாண்டு வரையிலேயே வாக்குரிமையை இழக்கிறான். பாராளுமன்றத்துக்குத் தெரிவாவதற்கும் அதே தடைதான். ஏழாண்டு கழிந்தால் அவன் பாராளுமன்றத்திலே உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் செய்யலாம். தண்டம் மட்டுமே கட்டியவனுக்கு அந்தத் தடையும் இல்லை. ஆகவே, களவுக்குச் சிறையிருந்தவன் எட்டாம் ஆண்டில் நாட்டை ஆளலாம். விறகுக்குத் தண்டம் கட்டியவன் எட்டாம் ஆண்டில் பதுளை மாவட்டத்தில் ஒரு தண்ணீர்க் குழாயின் திருகைத் திறக்கக் கூடாது! சபை மண்டபத்திலே கதிரையில் அமர்ந்திருக்கும் கனவான்களிடம் இந்தக் கூட்டை யாரும் நீட்டுவதில்லை என்பதையும் வழியோடு சொல்லி வைக்கிறோம்.

பிற நாடுகள் இதிற் தெளிவு கண்டுள்ளன. இங்கிலாந்தில் 1974 இன் சட்டமொன்று, தண்டனையின் கனத்துக்கேற்ற காலம் குற்றமின்றிக் கழிந்தால் அப்பழைய தீர்ப்பு கழிந்துபோனதாகவே கொள்ளப்படும் என்று விதித்தது; பிள்ளைகளோடு வேலை செய்வோர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு வைத்தது. அத்தகைய சட்டம் எமது நாட்டில் இல்லை. இந்தியாவில், நகரசபைப் பள்ளியிலிருந்து அரசாங்க சேவைக்கு எடுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர், அவருடைய பழைய அரசியல் ஈடுபாட்டைப் பற்றிய பொலிஸ் அறிக்கையால் வேலை இழந்தார். 1983 இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. நீதியரசர் சின்னப்ப ரெட்டி, வேலைக்கு வருபவனின் கடந்தகால அரசியலைப் பொலிஸ் கொண்டு துருவுவது அரசியலமைப்புக்கே ஒவ்வாதது என்று கடிந்தார். 2016 இல் அவதார் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் வகுத்த நெறி இன்னும் நுட்பமானது. இளம் வயதிற் கோஷம் போட்டது போன்ற சிறு விடயத்தை விண்ணப்பத்தில் மறைத்தவனைக்கூட, அதன் தன்மையைப் பார்த்து மன்னிக்க நியமன அதிகாரிக்கு இடமுண்டு என்றது. பாரிய குற்றத்தை மறைத்தவன் வேறு. எமது அதிகாரிகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாலே பாதி வழக்கு ஓய்ந்துவிடும்.

எனவே ஊவா மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவையும், உள்ளூராட்சி ஆணையாளரையும், புதிய சபைகளின் தலைவர்களையும் நாம் கேட்பது இது. நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் கேளுங்கள். கைதையும் சந்தேகத்தையும் கேளாதீர்கள். சிறைத்தண்டனையாயின் அரசியலமைப்பு வைத்த ஏழாண்டு எல்லையை நீங்களும் வையுங்கள்; சிறு தண்டங்களை அடியோடு விடுங்கள். காசு வாங்கும் வேலைக்குக் களவும் மோசடியும் பொருந்தும், விறகு பொருந்தாது. பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமை என்றால் எங்களுக்கும் கால எல்லை வேண்டாம். அந்த மனிதன் எழுபது வயதிலும் முன்பள்ளிப் படி ஏறக் கூடாது என்பதிற் பண்டாரவளை ஆசிரியரோடு நாம் ஒன்றாக நிற்கிறோம். தெரிவுக்கு முன்பன்றி, தெரிவான பின்னரே இச்சோதனையை நடத்துங்கள். எதிரான அறிக்கை வந்தால் அதன் பிரதியைத் தமிழிற் கொடுத்து, அவன் சொல்வதையும் கேளுங்கள். 1999 இலும் பின்னரும் வந்த பிரகடனங்களால் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாயின. தமிழிற் கொடுப்பது நீங்கள் செய்யும் தயவன்று, கடமை. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றங்கள், தீர்ப்புகள் பற்றிய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாகவே வகுத்திருக்கிறது. அந்தக் கோப்பு சபைக் கந்தோரின் தேநீர் மேசையில் கிடக்கலாகாது.

இவற்றை இப்போது கேட்பதற்குக் காரணமுண்டு. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், அதன் 33 ஆம் பிரிவால், முப்பது ஆண்டுகள் தோட்டங்களைச் சபைப் பணத்துக்கு எட்டாத இடமாக்கி வைத்திருந்தது. வரிசையில் நின்று வாக்குப் போட்டவனின் லயத்துப் பாதைக்கு அவன் போட்ட சபை ஒரு கூடை கல்லும் கொட்ட முடியாதிருந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. பாதை, குழாய், குப்பை, முன்பள்ளி என்று தோட்டத்துக்குள் சபை வரும்போது, அந்த வேலைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளே வர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் தமிழர்; சபைக் கந்தோர்களின் சம்பளப் பட்டியலில் ஐந்திலொரு பெயர் தமிழ்ப் பெயரா என்பதை ஒவ்வொரு வாசகரும் தம் ஊர்ச் சபையிற் போய்ப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஒரு சொல். சிறு வழக்கென்று நினைத்து, பஸ் காசுக்குப் பயந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வராதீர்கள். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 306 ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்ட நிலையிலும், வயதையும் நடத்தையையும் குற்றத்தின் சிறுமையையும் கருதி, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விட நீதவானுக்கு அதிகாரமுண்டு. அதைக் கேட்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர், 1978 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எமது தொழிற் சகோதரர்களும், ஏழையின் வழக்கில் ஒரு தவணையை மிச்சப்படுத்துவதற்காக ஒப்புக்கொள்ளச் சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்த ஒரு தவணைக்குப் பதிலாக அவன் ஓர் உத்தியோகத்தைக் கொடுக்கிறான். வேலை மறுக்கப்பட்டவர், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின் கீழ், அம்முடிவுக்கான காரணத்தை எழுத்திற் கேட்கலாம். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் செல்வதாயின் ஒரு மாதத்துள் செல்ல வேண்டும். காரணம் வரட்டுமென்று காத்திருந்து அந்த மாதத்தைத் தவறவிட்டவர் பலர்.

எமது கந்தோருக்கு வந்த இளைஞரின் பெயரால் அந்தச் சபையின் செயலாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளோம். எந்தத் தீர்ப்பு, எந்த ஆண்டு, அந்த வேலைக்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்ற மூன்றையும் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் அதனை அப்படியே இப்பத்தியில் வெளியிடுவோம். பதில் வராது போனால், வராத திகதியை வெளியிடுவோம்.